நடக்க ஒரு கரை வேண்டும்

நம் டெல்டா கிராமங்களில் துக்கம் விசாரிக்கப் போனால் இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "உழைச்ச உடம்பாச்சே, இவருக்கா மாரடைப்பு?" என்பார்கள். நாற்பது வருஷம் வயலில் இறங்கி நாற்றுக்கட்டு சுமந்தவர், வரப்பு அண்டை வெட்டியவர், களத்தில் கதிர் அடித்தவர். அப்படிப்பட்டவர் அறுபது வயதில் பொசுக்கென்று போய்விட்டால் யாருக்கும் மனம் ஒப்புவதில்லை. ஆயுள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடித்த என்னைப் போன்ற குமாஸ்தா எழுபதைத் தாண்டி உட்கார்ந்திருக்க, வயலில் உழைத்தவர் முந்திக்கொண்டால், எங்கோ கணக்கு பிசகியதாகத்தான் தோன்றும்.

இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. உடல் உழைப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள உறவை ஆராய்ச்சியாளர்கள் எழுபது வருஷத்துக்கும் மேலாகத் துருவி வருகிறார்கள். அவர்கள் வெளியிட்டவற்றைப் படித்துவிட்டு, நம் ஊருக்கு அது என்ன சொல்கிறது என்று என் கருத்தை எழுதுகிறேன். நான் வைத்தியன் இல்லை. ஆனால் ஒரு ஃபைலைக் கொடுத்தால் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படித்துக் குறிப்பு எழுதத் தெரியும். அந்தப் பழக்கத்தில் எழுதியது இது.

முதல் தாள் லண்டனிலிருந்து வருகிறது. ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் 1910ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ வைத்தியராக இந்தியாவிலும் பர்மாவிலும் வேலை பார்த்தார். போர் முடிந்து ஊர் திரும்பியபோது இங்கிலாந்தில் மாரடைப்பு பெருகிக்கொண்டிருந்தது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. பார்க்கும் தொழிலில் ஏதாவது சூட்சுமம் இருக்குமோ என்று மாரிஸ் தேடினார். அவர் கண்ணில் பட்டது லண்டன் மாடி பஸ்.

ஒரு பஸ்ஸில் இரண்டு பேர், டிரைவரும் கண்டக்டரும். இருவருக்கும் ஒரே நிர்வாகம், ஒரே ரோடு, ஏறக்குறைய ஒரே மாதிரி வாழ்க்கை. ஆனால் டிரைவர் ஷிப்டு முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்குகிறார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி. 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் நோய்க் கணக்கை மாரிஸ் எடுத்தார். 1953ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார். கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வந்தாலும் வயது கூடித்தான் வந்தது. வந்தவுடனே இறந்துபோவதும் குறைவு. தபால் இலாகாவிலும் இதே கதைதான். தெருத்தெருவாக நடந்தும் சைக்கிள் மிதித்தும் கடிதம் கொடுத்த தபால்காரரைவிட, ஆபீசில் உட்கார்ந்திருந்த டெலிபோன் ஆபரேட்டருக்கும் குமாஸ்தாவுக்கும் நோய் அதிகம்.

இதைக் கேட்டதும் விவரம் தெரிந்தவர் ஒரு கேள்வி கேட்பார். ஆரம்பத்திலேயே உடம்பு கனத்தவர்கள் டிரைவர் வேலைக்கும், வாட்டசாட்டம் குறைந்து சுறுசுறுப்பாக இருப்பவர்கள் கண்டக்டர் வேலைக்கும் போயிருக்கலாம் அல்லவா? இந்தக் கேள்வியை மாரிஸே தம்மைக் கேட்டுக்கொண்டார். அதற்கு அவர் பிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கம்பெனி கொடுத்த யூனிபாரத்தின் இடுப்பளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே அகலமாகத்தான் இருந்தது. தம் வாதத்துக்கு எதிராகப் போகக்கூடிய அந்தத் தகவலையும் 1956ல் அவரே அச்சிட்டார். ஸ்டோர் ரிஜிஸ்டரிலிருந்து இதய நோய்க்குத் தடயம் எடுத்த மனிதரை ஒரு குமாஸ்தா மெச்சாமல் இருக்க முடியுமா?

அதோடு விடவில்லை. எல்லோரும் மேஜை வேலை பார்ப்பவர்களாகவே இருந்தால் வித்தியாசம் தெரியுமா என்று, சுமார் 17,000 பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பிடித்தார். போன வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதி வாங்கினார். ஒரே மாதிரி மேஜை, ஒரே மாதிரி ஃபைல். ஆனால் ஓய்வு நேரத்தில் வேகமாக நடந்தவர்கள், நீந்தியவர்கள், தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள் போன்றோருக்கு மற்றவர்களைவிடப் பாதிக்கும் குறைவாகவே மாரடைப்பு வந்தது. இது 1973ல் வெளியானது.

இப்போது முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். அதற்கான தாள் அமெரிக்காவில் கிடைக்கிறது. ரால்ஃப் பாஃபென்பார்கர் என்ற ஆராய்ச்சியாளர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் சுமார் 17,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கல்லூரியில் பெரிய விளையாட்டு வீரராக இருந்து பிற்காலத்தில் சும்மா இருந்துவிட்டவருக்குப் பழைய விளையாட்டு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. மாணவப் பருவத்தில் பந்தையே தொடாதவர், பின்னால் உடற்பயிற்சியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பலன் கிடைத்தது. 1978ல் இதை வெளியிட்டார். மாரிஸுக்கும் பாஃபென்பார்கருக்கும் சேர்த்து 1996ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி விளையாட்டு அறிவியலுக்கான தன் முதல் பரிசைக் கொடுத்தது.

அதாவது, உழைப்புக்கு இதயம் பென்ஷன் கொடுப்பதில்லை. தினக்கூலிதான். இன்றைக்கு அசைந்தால் இன்றைக்குக் கூலி. நாற்பது வருஷ சர்வீஸைக் காட்டி, நிறுத்திய பிறகும் கேட்டால் கிடைக்காது. "உழைச்ச உடம்பு" என்ற பேச்சில் காலம் ஒன்று ஒளிந்திருக்கிறது. உழைத்தது எப்போது? கடைசிப் பத்து வருஷம் என்ன செய்தது? பீடி, புகையிலை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று மற்றக் காரணங்களும் உண்டு. அவற்றை நான் மறுக்கவில்லை. 52 நாடுகளில் எடுத்து 2004ல் வெளியிட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, மாரடைப்புக்கான முக்கியக் காரணிகள் என்று ஒன்பதைக் காட்டியது. அந்த ஒன்பதில் உடல் அசைவும் ஒன்று. நம் தெற்காசியப் பக்கத்துக்காரர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டாரைவிட ஐந்தாறு வயது முன்பாகவே வந்துவிடுகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

அசைவு எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சும்மா இருக்கும்போது இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 72 தடவை அடிக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல். தினமும் நடப்பவரின் இதயம் ஒரு அடிக்கு அதிக ரத்தம் தள்ளப் பழகிவிடுவதால், சும்மா இருக்கும் நேரத்தில் குறைந்த அடியிலேயே காரியம் முடிகிறது. ஆற்றில் தண்ணீர் ஓடினால்தான் வாய்க்காலில் தூர் சேராது என்பது நமக்குத் தெரியும். ரத்தம் விரைந்து ஓடும்போது குழாயின் உட்சுவர் தானே ஒரு வாயுவைச் சுரந்து குழாயை விரித்துக் கொடுக்கிறது. வேலை செய்யும் தசை, ரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலின் உதவியில்லாமலே கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. கெண்டைக்கால் சதை ஒவ்வொரு எட்டுக்கும் இறுகி, கீழே இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. காலில் இருக்கும் பம்புசெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்துவிட்டால் மோட்டார் ஆஃப்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் படிப்பு இந்த விஷயத்தில் மூன்று இடங்களில் எனக்குக் கை கொடுத்தது.

முதலாவது ஒரு சொல். பிரெஞ்சுக்காரர்கள் ஆபீஸ் குமாஸ்தாவைக் கேலியாக 'ரோன் த குயிர்' என்பார்கள். தோல் வட்டம் என்று அர்த்தம். நாற்காலியில் போட்டு உட்கார்ந்து தேய்த்த தோல் மெத்தையே ஆளுக்குப் பெயராகிவிட்டது. மாரிஸின் தபால் ஆபீஸ் கணக்கைப் படித்தபோது இந்தப் பெயரில் கேலியைவிட எச்சரிக்கைதான் அதிகமாகத் தெரிந்தது.

இரண்டாவது, வேதியியல் பாடத்தில் வந்த லவோசியே. உடல் உழைக்கும்போது எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று 1790ஐ ஒட்டிய ஆண்டுகளில் செகேன் என்ற துணைவரை வைத்து அளந்தவர் அவர். உழைத்தால் செலவு கூடுகிறது என்று கண்டதும், வெறும் அளவோடு நிற்கவில்லை. உடம்பைச் செலவழிக்கும் ஏழைக்குக் கிடைப்பது குறைவாகவும், சும்மா இருக்கும் பணக்காரனுக்குக் கிடைப்பது மிகுதியாகவும் இருப்பதைப் பற்றியும் அந்தக் கட்டுரையில் எழுதினார். உடற்பயிற்சி விஞ்ஞானம் பிறந்த இடத்திலேயே இந்த நியாயக் கேள்வியும் பிறந்துவிட்டது.

மூன்றாவது, ழான் மேயர். பாரிசில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரானவர். வங்காளத்தில் ஒரு சணல் மில் தொழிலாளிகளை ஆராய்ந்து இரண்டு இந்தியத் துணைவர்களோடு 1956ல் எழுதினார். மூட்டை தூக்கும் கூலிக்காரர் அதிகம் சாப்பிட்டார். உடம்பு ஒல்லியாகவே இருந்தது. அதில் அதிசயமில்லை. அதிசயம் மறுமுனையில் இருந்தது. உட்கார்ந்தே இருந்த கடைக்காரரும் குமாஸ்தாவும், ஓரளவு அசைந்து வேலை செய்தவரைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்கே அதிகம். வேலை குறைந்தால் பசியும் குறைந்துவிடும் என்றுதான் நினைப்போம். ஒரு அளவுக்குக் கீழே அசைவு குறைந்தால் பசிக்குக் கடிவாளம் இருப்பதில்லை என்று அந்த மில் காட்டிக்கொடுத்தது.

இத்தனையும் வெளியூர்க் கதை. நம் மாநிலத்துத் தாள் சென்னையில் இருக்கிறது. நான் இந்தக் கட்டுரையை எழுதவே அதுதான் காரணம்.

டாக்டர் வி. மோகனும் அவருடைய சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தாரும் 1996ல் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று திருமங்கலத்தில் ஏஷியாட் காலனி; நடுத்தர வருமானக்காரர்கள். இன்னொன்று தியாகராய நகர்ப் பக்கம் குறைந்த வருமானக்காரர்கள் வாழும் பகுதி. வீடு வீடாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் எல்லாம் பார்த்தார்கள். இதய நோய் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு இருந்ததாக 2001ல் எழுதினார்கள். சர்க்கரை நோய், அதாவது இதய நோய்க்கு முன்வாசல், நடுத்தரக் காலனியில் 12.4 சதவீதம், ஏழைக் குடியிருப்பில் 6.5 சதவீதம். பாதிதான். உடம்பால் உழைத்தவர்களுக்கு அன்று அந்தக் கவசம் இருந்தது.

முடிவுகளைக் காலனிக்காரர்களுக்கு ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள், கூட்டம் போட்டார்கள், நடக்கச் சொன்னார்கள். நடுத்தரக் காலனிக்காரர்கள் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். முன்பு வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம். பூங்கா வந்து, சில ஆண்டு கழித்து எண்ணியபோது 58.7 சதவீதம். பிரசங்கத்தால் மட்டும் ஆகாத காரியம், நடக்க ஓர் இடம் கிடைத்ததும் நடந்தது.

பத்து வருஷம் கழித்து இரண்டு குடியிருப்புகளிலும் மறுபடி சோதித்து 2011ல் வெளியிட்டார்கள். நடுத்தரக் காலனியில் சர்க்கரை நோய் 12.4லிருந்து 15.4 ஆகியிருந்தது. ஏழைக் குடியிருப்பில் 6.5லிருந்து 15.3 ஆகியிருந்தது. படித்தவர்கள், பணம் திரட்ட முடிந்தவர்கள், பூங்கா கட்டிக்கொண்டவர்கள் வேகத்தைக் கொஞ்சம் தடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பத்தே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி அவர்களை எட்டிவிட்டார்கள். பூங்கா ஒன்றுதான் இதற்குக் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். சாப்பாடு, வருமானம், வேலை எல்லாம் மாறியிருக்கும். ஆனால் பணக்காரன் நோய் என்று நாம் சொல்லி வந்தது ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர எத்தனை காலம் பிடித்தது என்று இந்தக் கணக்கு சொல்கிறது. பத்து வருஷம்.

இனி நம் ஊர். குறுவைக்கு மேட்டூர் எப்போது திறக்கும் என்று காத்திருப்பது மாறவில்லை. அதற்குப் பிறகு வயலில் நடப்பதெல்லாம் மாறிவிட்டது. உழவு டிராக்டரில். நடவு மெஷினில், இல்லாவிட்டால் நேரடி விதைப்பு. களைக்கு மருந்து. அறுவடை மெஷின் ஒரு பக்கம் கதிரை வாங்கி இன்னொரு பக்கம் நெல்லாகக் கொட்டுகிறது. கட்டுத் தூக்குவது இல்லை, களத்து வேலை இல்லை. குனிந்து நட்டுக் குனிந்தே களை பறித்த பெண்களின் வேலை ஆண்களுடையதைவிட வேகமாகப் போய்விட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சேற்றில் முதுகு ஒடிய நிற்பதை ஆரோக்கியம் என்று நாற்காலியில் இருந்துகொண்டு புகழ்வது பாவம். நடவு நட்ட கையைக் கேட்டால் மெஷின் வந்ததே நல்லது என்றுதான் சொல்லும். நான் சொல்வது வேறு. லண்டன் கண்டக்டர் ஏறிய படியை நம் ஆட்களிடமிருந்து மெஷின் எடுத்துக்கொண்டது. பதிலுக்கு நாம் எதையும் வைக்கவில்லை.

வயல் ஆட்கள் மட்டுமா? ஒரு காலத்தில் நடப்பதே உத்தியோகமாக இருந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஆற்றுக்கரையில் உடைப்பு இருக்கிறதா என்று மைல் கணக்கில் நடந்து பார்த்த லஸ்கர், தபால்காரர், தலையாரி, ஆபீசுக்கு ஆபீஸ் ஃபைல் தூக்கிய பியூன். அவர்கள் வேலையும் இன்று மோட்டார் சைக்கிளிலும் கம்ப்யூட்டரிலும் போய்விட்டது. தமிழ்நாட்டையும் சேர்த்து நான்கு இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எடுத்து 2014ல் வந்த கணக்குப்படி, பாதிக்கு மேற்பட்டவர்கள், 54.4 சதவீதம், போதிய உடல் அசைவு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி என்று ஏதாவது செய்பவர்கள் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. வேலை கொடுத்த அசைவு போய்விட்டால், நமக்கு வேறு வழியில் அசையத் தெரியவில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்தது. வீட்டுக்கே வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினார்கள். நல்ல திட்டம், வரவேற்கிறேன். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்றால், பாபநாசத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்துக் கிழவி அங்கே நடப்பதற்கு இரண்டு பஸ் ஏற வேண்டும். நமக்கு எட்டு கிலோமீட்டர் வேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் அரை கிலோமீட்டர் போதும்; போய்த் திரும்பினால் ஒரு கிலோமீட்டர் ஆயிற்று.

அதற்கு இடம் வாங்க வேண்டியதும் இல்லை. வேறு எந்த மாவட்டத்துக்கும் இல்லாத சொத்து நமக்கு இருக்கிறது. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, வடவாறு, கல்லணைக் கால்வாய் என்று திரும்பிய பக்கமெல்லாம் கரை. மேடு பள்ளம் இல்லாத, நேரான, மரநிழல் உள்ள கரை. இப்போது அது எப்படி இருக்கிறது? கருவேல முள், குப்பை, உடைந்த பாட்டில், இருட்டினால் குடிக்க வருகிற கூட்டம். பெண்கள் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. ரோட்டில் நடக்கலாம் என்றால் மினி பஸ்ஸும் மணல் லாரியும் உரசிக்கொண்டு போகின்றன.

நான் ஆபீசில் இருந்தவன் என்பதால் தடை எங்கே வரும் என்பதும் தெரியும். கரை நீர்வளத் துறைக்குச் சொந்தம். குப்பை ஊராட்சியுடையது. விளக்குக் கம்பம் மின்வாரியத்தைக் கேட்க வேண்டும். சாராயக் கூட்டம் போலீஸ் பொறுப்பு. நான்கு துறைக்கு ஒரு ஃபைல் போனால் அது எப்போது திரும்பி வரும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கேட்பதைச் சின்னதாகக் கேட்க வேண்டும். முள் வெட்டி மண் நிரவிய அரை கிலோமீட்டர் கரை. நான்கு விளக்கு. உட்கார இரண்டு சிமெண்டு பெஞ்சு. இரு முனையிலும் மோட்டார் சைக்கிள் நுழையாமல் ஒரு கல். முள் வெட்டவும் மண் நிரவவும் நூறு நாள் வேலையைப் பயன்படுத்த முடியுமா என்று ஊராட்சிச் செயலரைக் கேளுங்கள்.

"கட்டி வைத்தால் யார் நடப்பார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏஷியாட் காலனிக் கணக்கைத்தான் பதிலாகச் சொல்வேன். இன்னொரு சாட்சியும் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய கோயில் பிரகாரத்தில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றிப் பாருங்கள். சாமிக்காக எத்தனை பேர், டாக்டர் சொன்னதற்காக எத்தனை பேர் என்று பிரிக்க முடியாது. வண்டி இல்லாத, பெண்கள் பயமில்லாமல் வரக்கூடிய தளம் கிடைத்தால் நம் ஜனம் நடக்கிறது. கோயில் இல்லாத தெருவுக்கும், கோயிலுக்குள் போய்வரச் சௌகரியப்படாதவர்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

நம் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தைகள். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான வேகத்தில் அசையச் சொல்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. மிதமான வேகம் என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அரை மணியைப் பத்துப் பத்தாகப் பிரித்தும் நடக்கலாம். இவ்வளவு முடியாதவர்கள் முடிந்த அளவு செய்தாலும் ஒன்றும் செய்யாததைவிட நன்மை. 65 வயது தாண்டியவர்கள் தடுமாறி விழாமல் இருக்கத் தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறார்கள். கையைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருவது எளிய வழி. வாழ்நாள் முழுக்க நம்மை உட்கார வைத்த நாற்காலிக்கு அந்த வேலையையாவது கொடுப்போம். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். நடக்கும்போது நெஞ்சை அழுத்துவது போல, இறுக்குவது போல இருந்தால், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ வலி பரவினால், காரணமில்லாமல் வியர்த்து மூச்சு வாங்கினால், "கேஸ் டிரபிள்" என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே நில்லுங்கள். நின்றதும் போய்விட்டாலும் அடுத்த நாள் டாக்டரைப் பாருங்கள். நின்று சில நிமிஷத்தில் போகாவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். நடை என்பது வைத்தியத்துக்குத் துணை. மாத்திரையை நிறுத்த அது அனுமதிச் சீட்டு இல்லை.

ஜெரி மாரிஸ் 2009ல் 99வது வயதில் காலமானார். அவர் நீண்ட நாள் இருந்தது அவர் பாக்கியம். அதை நான் சாட்சிக்கு இழுக்கவில்லை. அவர் சொன்னதைச் சாட்சிக்கு இழுக்கிறேன். வேலையில் இருந்த அசைவு போகும்போது, அதற்கு ஈடாக வாழ்க்கையில் வேறு அசைவு வர வேண்டும். நடுத்தர வீட்டுக்காரர்கள் எப்படியாவது அதைச் சம்பாதித்துக்கொள்வார்கள். மாடியில் நடப்பார்கள், மெஷின் வாங்கிப் போட்டு அதன்மேல் நடப்பார்கள். நமக்குச் சோறு போட்டவர்களுக்கு மொட்டை மாடியும் கிடையாது, மெஷினும் கிடையாது. அவர்களுக்கு இருப்பது ஊர்ப் பொது இடம் ஒன்றுதான்.

கிராம சபை வருஷத்தில் ஆறு தடவை கூடுகிறது. ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22, மே 1. தீர்மானம் எழுதத் தெரிந்த ரிடையர்டு ஆட்கள் ஊருக்கு நான்கு பேராவது இருக்கிறோம். ஓர் ஆற்றுக்கரையின் பெயர், அரை கிலோமீட்டர் நீளத்துக்கு இங்கிருந்து இங்கே என்று எல்லை, நான்கு விளக்கு, இரண்டு பெஞ்சு. அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. எழுதி, வயல் வேலைக்குப் போன அம்மாக்கள் நாலு பேர் கையெழுத்தை முதலில் வாங்குங்கள். நம் கையெழுத்து அதற்குக் கீழே இருக்கட்டும்.